வேலுத்தாய் சரி என்றால்தான் மடை திறக்கும்

ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டி போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில், 'பரக்கத் பெண்கள் நலச் சங்கம்' என்று பச்சை எழுத்தில் போர்டு மாட்டிய ஓட்டுக் கொட்டகை ஒன்று இருந்தது. ஆரிபா அந்தக் கேட்டைத் தாண்டி முதன்முதலாக உள்ளே போனது 1981 ஆனி மாதத்தில். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. தையல்காரனாக இருந்த கணவன் காசநோயில் போய்ச் சேர்ந்து, விதவைக்கு மார்க்கம் விதித்த நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்த கையோடு வேலை கேட்டு வந்திருந்தாள். இரண்டும் பெண் பிள்ளைகள். பிறந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் வீடு இருந்தது. போனால் சோறு போடாமல் விடமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வேளையும் மதினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டில் கை வைக்க வேண்டியிருக்கும். அது அவளால் ஆகாது.

சங்கத்தில் நடந்தது பேண்டேஜ் வேலை. சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து பழுப்பு நிறத்தில் வரும் காடாத் துணியைக் காஸ்டிக் சோடா போட்டு வேகவைத்து, பிளீச்சிங் பவுடரில் வெளுத்து, ஆசிட் கலந்த தண்ணீரில் முக்கி, மூன்று முறை அலசிக் காயவைத்து, ரோலாகச் சுற்றி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். நாற்பது பெண்கள் வேலை பார்த்தார்கள். பாதிப் பேர் முஸ்லிம் வீட்டு விதவைகள், கைவிடப்பட்டவர்கள். மீதிப் பேர் அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்து வந்த இந்து, கிறிஸ்தவப் பெண்கள்.

செயலாளர் முத்து முகம்மதுவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் இரும்புக் கடை. வாரத்தில் இரண்டு நாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவார். சங்கத்தில் அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் எல்லாரும் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். முஸ்லிம் பெண்கள் பாத்திஹா ஓதுவார்கள். மற்றவர்கள் அவரவர் சாமியை நினைத்துக்கொள்வார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு வரி சொல்வார்கள். "இந்தத் துணி யார் புண்ணுல படுமோ, அவியளுக்குச் சுகத்தைக் கொடு." அவ்வளவுதான். அதன்பிறகு வேலை.

முதல் நாள் அந்த வரிசையில் நின்றபோது ஆரிபாவும் அந்த வரியைச் சேர்ந்து சொன்னாள். அதுவரை அவள் தனக்காகவும் தன் பிள்ளைகளுக்காகவும் மட்டுமே கையேந்தி அழுதிருந்தாள். தன்னாலும் முகம் தெரியாத யாருக்கோ ஒரு நன்மை செய்ய முடியும் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. அன்றைக்கு அடுப்படியில் புகையோடு நின்று துணியைக் கம்பால் புரட்டிக்கொண்டிருந்தவளுக்கு, சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது நடை கொஞ்சம் நிமிர்ந்திருந்ததாகத் தெருப்பெண்களே சொன்னார்கள்.

மூன்றே வருடத்தில் வெளுப்புக் கொட்டகை முழுக்க அவள் பொறுப்புக்கு வந்தது. பவுடரை அளந்து போடுகிற அலுமினியப் போணி அவள் கையில்தான் இருக்கும். ஒருமுறை துணி வாங்க வந்த மதுரை வியாபாரி ரோல் ஒன்றைப் பிரித்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிச்சிப்பூ மாதிரி இருக்கேம்மா!" என்றார். அந்தச் சொல் ஆரிபாவை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டது. மறுநாளிலிருந்து தொட்டிக்கு ஒரு போணி கூடுதலாகப் போட ஆரம்பித்தாள். துணி இன்னும் வெளுத்தது. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கொட்டகையின் கழிவுத் தண்ணீர் பின்பக்கம் ஒரு மண் வாய்க்காலில் ஓடி, பள்ளமான இடத்தில் தேங்கி, மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிடும். அது எங்கே போகிறது என்று யாரும் யோசித்ததில்லை. கண்ணுக்கு மறைந்துவிட்டால் முடிந்தது என்றுதான் எல்லாரும் இருந்தார்கள்.

அந்தப் பள்ளத்துக்கு அடுத்தது கிளுவை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் வேலுத்தாயின் வீடு. அவள் கணவன் சோலைச்சாமி செண்பகத்தோப்பில் வனத்துறைக் காவலர். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். வேலுத்தாய் வீட்டுக்குப் பின்னாலிருந்த பன்னிரண்டு சென்ட் நிலத்தில் கனகாம்பரமும் கீரையும் போட்டு, தலையில் சுமந்து பஜாரில் விற்று வந்தாள். பேச்சுக் கொஞ்சம் கரடுமுரடு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஆரிபா சிரித்தால், அவளும் பதிலுக்குச் சிரிப்பாள். அதற்கு மேல் பழக்கமில்லை.

1986 சித்திரை. நோன்பு மாதத்துக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருந்தது. மத்தியானம் திடீரென்று சங்கத்து ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துபோனது. இருந்த தண்ணீரையெல்லாம் அலசுவதற்கு ஊற்றித் தீர்த்திருந்தார்கள். லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, தொழுமுன் முகம் கைகால் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் இல்லை. ஆரிபா வாளியை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றி வேலுத்தாயின் வீட்டுக்குப் போனாள். போகும்போதே பார்த்தாள், கனகாம்பரப் பாத்தி இருந்த இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. இந்த வருட வறட்சியில் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, எங்க மோட்டார் எரிஞ்சு போச்சு. ஒளு செய்ய ஒரு வாளி தண்ணி வேணும். நானே எறைச்சுக்கிடுதேன்."

வேலுத்தாய் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "வேண்டாம் தாயி. எங்க கெணத்துத் தண்ணி ஒனக்கு ஆவாது" என்றாள்.

ஆரிபாவின் முகம் சுருங்கிவிட்டது. ஐந்து வருடமாக வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம், ஒரு வாளித் தண்ணீருக்கு இப்படியா என்று மனசு சுண்டிப்போனது. தான் யார், அவள் யார் என்று என்னென்னவோ நினைப்பு ஓடியது. "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"ஏட்டி, நில்லு!" என்றாள் வேலுத்தாய். "நீ என்னத்த நெனச்சுட்டுப் போறேன்னு ஒன் மூஞ்சியே சொல்லுது. இங்க வா."

கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். ஒரு வாளி இறைத்து, அதை ஆரிபாவின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஆரிபா குனிந்து மோந்து பார்த்தாள். வேறெதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் தினமும் சுவாசிக்கிற வாடைதான் அது. பிளீச்சிங் பவுடர்.

"எத்தன நாளாக்கா இப்படி?"

"போன வருசம் தை மாசத்துலருந்து. மொதல்ல கனகாம்பரம் கருகுச்சு. பொறவு கீரை. சோறு பொங்குனா மஞ்சளா வருது. குடிக்கதுக்குத் தெருக்கொழாய்க்குப் போறேன், மேலுக்குக் குளிச்சாக்கூட அரிக்கி. எங்க வீட்டுக்காரரு கலெக்டராபீசுக்கு மனு எழுதி வச்சுட்டாரு. நாந்தான் புடுங்கி டிரங்குப் பெட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கேன்."

"ஏங்கா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லத்தான் ரெண்டு தடவ கேட்டு வரைக்கும் வந்தேன். ரெண்டு தடவையும் நீங்க வரிசையா நின்னு சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தீய. புண்ணு உள்ளவியளுக்குச் சுகத்தக் குடுன்னு கேட்டுக்கிட்டு இருந்தீய. அதக் கேட்டுட்டு உள்ள வந்து எப்படிச் சண்ட போட? மனு கொடுத்தா ஒரே நாள்ல இழுத்துப் பூட்டிட்டுப் போயிருவான். நாப்பது பொம்பளைக பொழைக்கிற எடம். அம்புட்டுப் பேரு பிள்ளைகளும் என்ன செய்யும்?"

ஆரிபா காலி வாளியோடு திரும்பி வந்தாள். தண்ணீர் இல்லாத நேரத்துக்கு மார்க்கம் தந்திருக்கிற வழிப்படி, சுத்தமான மண்ணில் கையைத் தட்டி முகத்திலும் கையிலும் தடவித் தயம்மும் செய்தாள். தொழுதாள். ஸஜ்தாவில் தரையில் வைத்த நெற்றியை எடுக்க மனமே வரவில்லை. கூடுதலாகப் போட்ட அந்த ஒரு போணிப் பவுடர் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. 'யா அல்லாஹ், என் கையால போட்டேனே' என்று அழுதாள். ஆனாலும் அந்த அழுகைக்கு நடுவிலேயே ஒரு நன்றியும் ஊறியது. கோபத்தோடு ஒருத்தி வந்து நின்றிருந்தால் தானும் எதிர்த்துக் கத்தியிருப்போம், தப்பு தப்பாகவே தெரிந்திருக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை வரிசையில் எல்லாரும் நின்றார்கள். பாத்திஹா முடிந்தது. வழக்கமான அந்த வரி வரும் நேரத்தில் ஆரிபா கையை உயர்த்தி நிறுத்தினாள். நேற்று கண்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். தான் பவுடரைக் கூட்டிப் போட்டதையும் மறைக்கவில்லை.

துணி மடிக்கிற ஜெய்னப்தான் முதலில் பதறினாள். "அக்கா, இத வெளிய சொன்னா பூட்டிருவாக. நம்ம வயித்துல நாமளே அடிச்சுக்கிடவா? அந்த அம்மாவே பேசாமத்தான இருக்கு!"

"அவுக பேசாம இருக்கதுதான் என்னைய அடிக்குது ஜெய்னப்" என்றாள் ஆரிபா.

ரோல் சுற்றும் பகுதியைப் பார்த்துக்கொண்ட கிருபாபாய் அதிகம் பேசாதவள். அன்று அவள் பேசினாள். "ஆஸ்பத்திரில கெடக்குறவுகளுக்காக வேண்டுதோம். அவுக மூஞ்சி நமக்குத் தெரியாது. வேலிக்கு அங்கிட்டு இருக்கிற மூஞ்சி தெரியும். அதுக்கு ஒண்ணும் செய்யாம நாளைக்கு இங்க வந்து என்னால நிக்க முடியாது."

அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை. தகவல் கிடைத்து முத்து முகம்மது பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். கேட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார். "எல்லாப் பட்டறைலயும் இப்படித்தானம்மா ஓடுது" என்று முதலில் முணுமுணுத்தார். பிறகு, "வேணும்னா வெளுக்கிற வேலைய மட்டும் வெளிய குடுத்துருவோமா? நம்ம சுத்துறதும் மடிக்கிறதும் மட்டும் செய்வோம்" என்றார்.

"அங்கயும் வேலிக்குப் பக்கத்துல ஒரு வேலுத்தாய் இருப்பாகள்லாண்ணே?" என்றாள் ஆரிபா.

முத்து முகம்மது நிமிர்ந்து பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "வா, அவிய வீட்டுக்குப் போவோம்."

அன்று சோலைச்சாமி வீட்டில் இருந்தார். காக்கிக் கால்சட்டையும் முண்டா பனியனுமாக வாசலில் நின்றவர், இவர்களைக் கண்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டார். முத்து முகம்மது செருப்பைக் கழற்றிவிட்டு, "ஐயா, மனு எழுதி வச்சிருக்கீகளாம். அத நான் பாக்கலாமா?" என்றார்.

சோலைச்சாமி உள்ளே போய் எடுத்து வந்து விறைப்பாக நீட்டினார். முத்து முகம்மது நின்றபடியே முழுக்க வாசித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மனுவின் அடியில், 'இதில் சொல்லியிருப்பது அனைத்தும் உண்மை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சங்கத்தின் பேரையும் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

"மூணு மாசம் தவணை குடுங்க ஐயா. அதுக்குள்ள நாங்க சரி பண்ணலேன்னா இதக் கொண்டுபோய்க் குடுத்துருங்க. என் கையெழுத்து இருக்கதால ஒங்களுக்கு வேற சாட்சி வேண்டாம்."

சோலைச்சாமி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படத் தயாராக வந்த மனிதருக்கு அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் வீட்டுக்குள் திரும்பி, "ஏட்டி, வந்தவியளுக்கு மோர் குடு" என்றார்.

"கொழாத் தண்ணில கலந்ததுதான், பயப்படாமக் குடிங்க" என்றாள் வேலுத்தாய். ஆரிபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வழி சொல்ல ஆள் வேண்டுமே. செட்டியார்பட்டியில் ராஜரத்தினம் என்று ஒருவர் இருந்தார். மில் சாயப்பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிருபாபாய் போகிற சர்ச்சுக்கு வருகிறவர். அவள் போய்ச் சொன்னதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். துணி ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தார். டர்ரென்று கிழிந்தது.

"எம்புட்டு பவுடர் போடுதீங்க?" என்று கேட்டார்.

ஆரிபா போணியைக் காட்டிச் சொன்னாள்.

"பாதி போதும்மா. மிச்சப் பாதி துணியத்தான் தின்னுக்கிட்டு இருக்கு. காயத்துல கட்டி இறுக்கும்போது அந்துபோற பேண்டேஜ் எதுக்கு ஆவும்? வெள்ளையா இருந்தா போதுமா?"

ஆரிபா தலையைக் குனிந்துகொண்டாள். தான் பெருமைப்பட்ட வெள்ளை, கிணற்றை மட்டுமில்லாமல் துணியையும் கெடுத்திருந்தது. ஆனால் ராஜரத்தினம் குற்றம் சொல்கிற ஆளில்லை. மண்ணில் குச்சியால் படம் போட்டுப் புரியவைத்தார். மூன்று தடவை அலசுவதற்கு மூன்று தடவையும் புதுத் தண்ணீர் வேண்டாம். கடைசியாக அலசிய தண்ணீர் ஏறக்குறைய சுத்தமாகத்தான் இருக்கும். அடுத்த துணிக்கு அதையே முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம். வேகவைத்த காஸ்டிக் தண்ணீரையும் ஆசிட் தண்ணீரையும் தனித்தனியே விட்டால் இரண்டும் கேடு. ஒரே தொட்டியில் அளவாகச் சேர்த்தால் ஒன்றை ஒன்று அடக்கிவிடும். அதன்பிறகு, அகலமாகவும் ஆழமில்லாமலும் ஒரு தொட்டி கட்டி, அதில் நாலைந்து நாள் வெயிலில் போட்டுவைத்தால் பவுடர் வேகமும் போய்விடும்.

ஓடுகிற ஆற்றில் நின்று ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நபிகள் சொன்னதை ஆரிபா சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறாள். ஒளுவுக்குச் சிக்கனமாகத்தான் தண்ணீர் எடுப்பாள். அதே கையால் ஐந்து வருடமாகத் தொட்டி தொட்டியாகக் கவிழ்த்துவிட்டதை அன்றுவரை அவள் அதோடு சேர்த்து நினைத்ததே இல்லை.

நோன்பு தொடங்கியது. அந்த வருடம் அக்கினி நட்சத்திரத்தில் நோன்பு. பெண்கள் விடிந்ததும் வந்து பத்து மணி வரை மண் வெட்டினார்கள். வாயில் தண்ணீர் படாமல் ஆரிபா தட்டைத் தலையில் வைத்து மண் சுமந்தாள். நோன்பில்லாத பெண்கள், இவர்களுக்கு எதிரே தண்ணீர் குடிக்க மனமில்லாமல் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள். முதலில் பயந்த ஜெய்னப்தான் மற்ற எல்லாரையும்விட அதிகம் மண் சுமந்தாள். வெளுப்பு நின்றிருந்த அந்த நாட்களில் யார் வீட்டு அடுப்பும் அணையாமல் ஜமாஅத்தார் பார்த்துக்கொண்டார்கள். நோன்புக் கஞ்சி பள்ளிவாசலிலிருந்து சங்கத்துப் பெண்கள் எல்லார் வீட்டுக்கும், வேலுத்தாய் வீட்டுக்கும் போனது.

அதோடு இன்னொன்றும் நடந்தது. வேலுத்தாய் தெருக்குழாய்க்கு நடப்பதை நிறுத்த வேண்டும் என்றாள் கிருபாபாய். தினமும் ஆறு பேர் முறைவைத்து, வேலைக்கு வரும்போதே ஆளுக்கொரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து அவள் வீட்டில் இறக்கினார்கள்.

"ஏன், நான் என்ன சேத்தூர் ஜமீன் மகளா?" என்று வேலுத்தாய் கத்தினாள். "எனக்குக் காலு நல்லாத்தான் இருக்கு!"

"கெணறு நல்லாகிற வரைக்கும் நீங்க எங்களுக்கு ஜமீன் மகதான்" என்று குடத்தை இறக்கிவிட்டு ஆரிபா நிற்காமல் வந்துவிட்டாள்.

நோன்புப் பெருநாளைக்குப் பிறகு தொட்டிகள் தயாராகி, பவுடரும் பாதியாகக் குறைந்து, அடுப்பு மறுபடி எரிந்தது. பள்ளத்துக்குப் போகிற பழைய வாய்க்காலை மூடியாயிற்று. வெயில் தொட்டியில் நின்று தெளிந்த தண்ணீரைச் சங்கத்து இடத்திலேயே நட்ட தென்னங்கன்றுகளுக்கு விடுவதென்று முடிவு. எப்போது விடலாம் என்று யார் சொல்வது? முத்து முகம்மது ஒரு தீர்மானம் எழுதி எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். "வேலுத்தாய் அம்மா வந்து பார்த்து, சரி என்று சொன்னால்தான் மடை திறக்க வேண்டும். செயலாளர் சொன்னாலும் திறக்கக் கூடாது."

வேலுத்தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராஜரத்தினம் அவளுக்கு ஊதாவும் சிவப்புமாக இரண்டு வகைச் சோதனைத் தாள் கொடுத்துப் பழக்கினார். சிவப்புத் தாள் ஊதாவானால் காஸ்டிக் மிச்சம். ஊதாத் தாள் சிவந்தால் ஆசிட் மிச்சம். தாள் வெளுத்தே போனால் பவுடர் வேகம் இன்னும் அடங்கவில்லை. இரண்டும் நிறம் மாறாமல் இருந்தால் தண்ணீர் விடலாம்.

முதல் தடவை எல்லாரும் சுற்றி நிற்க, வேலுத்தாய் தாளை முக்கித் தூக்கினாள். தாள் வெளுத்துவிட்டது. "ஆவாது" என்றாள். நாலு நாள் கழித்து மறுபடி முக்கினாள். கொஞ்சமாக வெளுத்தது. "செத்த செத்தயா வெளுக்கு. ஆவாது."

"லேசாத்தானக்கா, விட்டுருவோமே" என்று ஜெய்னப் கெஞ்சினாள். தொட்டி நிறைந்துவிட்டால் வேலை நின்றுபோகும்.

"லேசா லேசான்னுதான் ஏங் கெணத்துக்கு வந்துச்சு" என்றாள் வேலுத்தாய்.

இரண்டு நாள் வேலையை நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள். மூன்றாம் தடவை தாள் முக்கியபோது ஊதா ஊதாவாகவே இருந்தது, சிவப்பு சிவப்பாகவே இருந்தது. வேலுத்தாய் தாளை வெயிலில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "சரி" என்றாள். ஆரிபா மடைப் பலகையைத் தூக்கினாள். தண்ணீர் தென்னங்கன்று நோக்கி ஓடியது. பெண்கள் கைதட்டினார்கள். யாரோ ஒருத்தி குலவையிட்டாள்.

கிணறு தேற நாளாயிற்று. மோட்டார் வைத்து மூன்று தடவை அடி தெரிய இறைத்தார்கள். ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. மறுபடி ஒரு தடவை இறைத்தார்கள். குடம் சுமப்பது மட்டும் நிற்கவில்லை. தை பிறந்து ஒரு காலையில் வேலுத்தாய் சொம்போடு கேட்டுக்குள் வந்தாள். வரிசையில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். இந்த முறை அவள் திரும்பிப் போகவில்லை.

"சோறு வெள்ளையாப் பொங்கிருக்கு" என்று சொல்லிவிட்டு, சொம்பிலிருந்த கிணற்றுத் தண்ணீரில் தான் ஒரு வாய் குடித்தாள். ஆரிபாவிடம் நீட்டினாள். ஆரிபா, "பிஸ்மில்லாஹ்" என்று வாங்கிக் குடித்தாள். கிணற்றுத் தண்ணீருக்கு இப்படி ஒரு ருசி உண்டா என்று அவளுக்கு இருந்தது. சொம்பு வரிசை முழுக்கப் போய்வந்தது. சோலைச்சாமியின் மனு மூன்று மாதத் தவணை தாண்டியும் வெளியே போகவே இல்லை. அதை அவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவுமில்லை.

அதன்பிறகு வந்த வருடங்களில் ஆரிபா இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாள். மூத்தவள் தென்காசிக்கும் இளையவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போனார்கள். வேலுத்தாய் வாரத்தில் இரண்டு நாள் தாளோடு வருவது ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது தொட்டித் தண்ணீரைச் சொம்பில் எடுத்து அவள் கட்டிலுக்கே கொண்டுபோனார்கள். 1993ல், வெள்ளை குறைந்த பிறகும் வாங்கி வந்த அந்த மதுரை வியாபாரி, "முன்ன மாதிரி வெள்ளை வேணும், இல்லேன்னா வேற எடம் பாக்கேன்" என்று சொல்லியனுப்பினார். கையில் இருந்த ஆர்டரில் அவருடையதுதான் பெரியது. ஆரிபா ஒரு இரவு முழுக்கத் தூங்கவில்லை. ஆனாலும் போணி அளவை மாற்றவில்லை. அவர் போய்விட்டார். நாலு மாதம் வேலை குறைந்து சிரமப்பட்டார்கள். பிறகு, 'இவர்கள் துணி கட்டினால் அறுவதில்லை' என்று ஒரு மிஷன் ஆஸ்பத்திரி தேடிக்கொண்டு வந்தது. அந்த ஒரு ஆர்டரே போதும் என்றாகிவிட்டது.

1996ல் பல ஊர்களிலிருந்து முஸ்லிம் நலச் சங்கத்தார் கூடிய ஒரு கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்தது. அனாதை இல்லம் நடத்துகிறவர்கள், தையல் பள்ளி நடத்துகிறவர்கள், இலவச மருந்தகம் வைத்திருக்கிறவர்கள் என்று நூறு பேர் வந்திருந்தார்கள். பராமரிப்பு, சிக்கனம், சுற்றுப்புறம் என்று படித்தவர்கள் நிறையப் பேசினார்கள். முத்து முகம்மதுவுக்கு அப்போது வயதாகிக் குரல் நடுங்கியது. அவர் எழுந்து, "எங்க ஊர்ல இதச் செஞ்சவுக பேசட்டும்" என்று ஆரிபாவைக் கூப்பிட்டார்.

ஆரிபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மைக்குக்கு முன்னால் போனாள். வேர்த்தது. வேலுத்தாய் முதல் வரிசையில், யாரோ கொடுத்த ரோஸ்மில்க்கைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் பேசத் தெரியாது" என்று ஆரம்பித்தாள் ஆரிபா. "நாங்க தப்புப் பண்ணுனோம். தெரியாமத்தான் பண்ணுனோம். ஆனா தெரிஞ்சுக்கிட முயற்சியும் பண்ணல. ரப்பான அல்லாஹ் எங்கள வெக்கப்படுத்தாம, பக்கத்து வீட்டுக்காரவுக வாயால மெதுவாச் சொல்லவச்சான். அவுக ஒரு வருசத்துக்கு மேல எங்க பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கிட்டு இருந்திருக்காக. ஒங்க சங்கத்துலயும் வேலிக்கு அங்கிட்டு யாராவது பொறுத்துக்கிட்டு இருப்பாக. ஊருக்குப் போனதும் ஒரு எட்டுப் போய்க் கேளுங்க. நான் தெனமும் விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு கேக்குற துஆவுல இவுக பேரும் இருக்கு. வேலுத்தாய் அக்காவுக்கு நல்ல சுகத்தக் குடுன்னு கேக்கேன். அம்புட்டுதான்."

மண்டபத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் எழுந்து, அந்தச் சோதனைத் தாள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பதில் சொல்ல வேலுத்தாய் எழுந்துவிட்டாள். எந்தக் கடை, எப்படி முக்குவது, எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று கால் மணி நேரம் விளக்கினாள். உட்காரச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

சாயங்காலம் இருவரும் ராஜபாளையம் பஸ்ஸைப் பிடித்தார்கள். கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து வந்த வண்டி, மாணவர்கள் கூட்டம். எழுந்து இடம் கொடுத்த ஒரு பையனை வாழ்த்திவிட்டு இருவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேற்கே மலைமேல் மேகம் இறங்கியிருந்தது.

"ஏட்டி, அம்புட்டுப் பேருக்கு முன்னாலயா ஏம் பேரச் சொல்லுவ?" என்றாள் வேலுத்தாய்.

"ஏன், சொன்னா என்ன?"

"சொல்லிட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டே எறங்குற. எனக்குல்லா வெக்கமாப் போச்சு." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, "தெனமுமா கேக்க?" என்றாள்.

"தெனமும்தான்."

"முழங்கால் வலிக்கும் சேத்துக் கேளு" என்று சொல்லிவிட்டு வேலுத்தாய் கண்ணை மூடினாள். வன்னியம்பட்டி தாண்டுவதற்குள் தூங்கிப்போய், தலை ஆரிபாவின் தோளில் சாய்ந்தது. ஆரிபா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தபோது, சத்தம் போடாதீங்க என்று கையைக் காட்டிவிட்டு, இருவருக்கும் சேர்த்து அவளே வாங்கினாள்.